பாக் நீரிணை மாடல்: மூன்று திறந்த எல்லை, மூன்றிலும் தலைவலி

ஈரமணல் · பதிவு 1

வணக்கம். பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் சேர்த்து ரோம்ஸ் என்ற கடல் மாடல் மென்பொருளில் ஒரு நீரோட்ட மாடல் ஓட்டுகிறேன். ஆய்வுப் பட்டத்துக்கான வேலை. மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

அட்சரேகை 8.5 முதல் 11.5 வரை, தீர்க்கரேகை 78 முதல் 81.5 வரை. 2 கிலோமீட்டர் கிரிட், 30 சிக்மா அடுக்கு (கடலடியின் மேடு பள்ளத்தோடு சேர்ந்து வளையும் ஆழ அடுக்குகள்). மேற்கே நிலம், வடக்கு, கிழக்கு, தெற்கு மூன்றும் திறந்த எல்லை, அதாவது கடலுக்கு நடுவே மாடல் முடியும் விளிம்பு. ஆழம் ஜெப்கோ என்ற உலகக் கடல் ஆழத் தரவிலிருந்து எடுத்தது. எல்லைக்கான வெப்பநிலை, உப்பளவு, வேகம், கடல்மட்டம் எல்லாம் குளோரிஸ் என்ற உலகக் கடல் மாடல் தரவின் தினசரிச் சராசரி. ஓதத்துக்கு டிபிஎக்ஸ்ஓ என்ற ஓத மாடல், காற்றுக்கு ஈஆர்ஏ5 என்ற வானிலைத் தரவு. நவம்பர் 1-இல் தொடங்குகிறேன், எல்லா இடத்திலும் கடல்மட்டம் பூஜ்யம்.

முதல் ஓட்டத்தில் கடல்மட்டத்தை எல்லையில் அப்படியே இறுக்கிப் பிடித்தேன். ஓதம் உள்ளே வந்து வெளியே போகாமல் கிடந்து உருண்டது. அப்புறம் அலையை வெளியே போகவிடும் ஃப்ளேதர் நிபந்தனைக்கு மாறினேன். இப்போது முதல் இரண்டு நாளிலேயே பாக் விரிகுடா முழுவதும் தொட்டி மாதிரி நிரம்புகிறது. வடக்கு எல்லையில், கரையை ஒட்டி, நான்கைந்து கட்ட அகலத்தில் ஒரு பட்டை நீரோட்டம் பாய்கிறது. குளோரிஸில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஓதமானிப் பதிவோடு ஒப்பிட்டால் ஏற்றம் வரவேண்டிய நேரத்தில் வற்றம் வருகிறது.

எந்த எல்லைக்கு எந்த நிபந்தனை என்று ஒரு பட்டியல் கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன்.

சிக்மா_முப்பது · பதிவு 2

பட்டியல் தருகிறேன், ஆனால் அது உங்களைக் காப்பாற்றாது. கடல்மட்டத்துக்குச் சாப்மன் (இதுவும் அலையை வெளியே விடும் நிபந்தனைதான்), ஆழச் சராசரி வேகத்துக்கு ஃப்ளேதர், அடுக்கு வேகத்துக்கும் வெப்பம், உப்புக்கும் ரேடியேஷனோடு (போகிற அலையைப் போகவிடுவது) நட்ஜிங் (வெளித் தரவை நோக்கி மெல்ல இழுப்பது). ரோம்ஸ் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் வைத்திருப்பார்கள். நீங்களும் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறீர்கள்.

ஃப்ளேதர் என்ன செய்கிறது என்று ஒரு தடவை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லையில் உங்கள் மாடல் மட்டத்துக்கும் வெளியே நீங்கள் கொடுத்த மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஈர்ப்பு வகுத்தல் ஆழத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வெளி வேகத்தோடு சேர்க்கிறது. 3000 மீட்டர் ஆழத்தில் அந்தப் பெருக்கி 0.057. அங்கே 10 செ.மீ. மட்டப் பிழை வந்தால் வினாடிக்கு அரை சென்டிமீட்டர் வேகம்தான் கூடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 10 மீட்டர் ஆழத்தில் அதே பெருக்கி ஏறத்தாழ 1. அதே 10 செ.மீ. பிழை வினாடிக்கு 10 செ.மீ. வேகமாகிவிடும். பாக் விரிகுடாவின் சராசரி ஆழமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆழ்கடலில் மன்னிக்கப்படும் பிழை, கரையை ஒட்டி வந்ததும் கழுத்தைப் பிடிக்கும்.

எனக்குத் தெரிய வேண்டியவை: குளோரிஸ் மட்டத்தை அப்படியே போட்டீர்களா, ஏதாவது கழித்தீர்களா? ஓதத்துக்கு மட்டம் மட்டும் கொடுத்தீர்களா, ஓத வேகமும் சேர்த்தா? மட்டம் மட்டும் கொடுத்து வேகத்தைப் பூஜ்யமாக விட்டால், உள்ளே வரும் அலை பாதி உயரத்தில்தான் வரும். ஃப்ளேதர் இரண்டையும் கூட்டித்தான் வருகிற அலையை அடையாளம் காண்கிறது.

நெய்தல்நிலா · பதிவு 3

நான் கடற்புல் ஆள், மாடல் ஓட்டுபவள் இல்லை. இவர்கள் தரும் நீரோட்டப் படத்தை வாங்கி விதை எங்கே மிதந்து போகும் என்று பார்ப்பேன். ஒரு சந்தேகம்: உள்ளே காற்று இருக்கிறது, ஆழம் இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது. ஓரத்தில் கொடுப்பது இவ்வளவு பாதிக்குமா?

சிக்மா_முப்பது · பதிவு 4

//ஓரத்தில் கொடுப்பது இவ்வளவு பாதிக்குமா?//

வயலில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு மடையை மட்டும் தப்பாகத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? அதே கதைதான். மட்ட அலை 10 மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும். 300 கி.மீ. கடக்க எட்டரை மணி நேரம் போதும். ஆழ்கடல் பக்கம் அதே தூரம் அரை மணி நேரம். எல்லையில் நீங்கள் செய்த தப்பு மறுநாள் காலைக்குள் மாடலின் கடைசிக் கட்டம் வரை போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொரு சங்கடம், இந்த வகைச் சமன்பாடுகளுக்குத் திறந்த எல்லையில் 'சரியான' நிபந்தனை என்று ஒன்று கிடையாது. 1978-இலேயே ஒலிகரும் சண்ட்ஸ்ட்ரோமும் இதைக் காட்டிவிட்டார்கள். குறைந்த கெடுதல் எது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

தலைமன்னார்_காத்து · பதிவு 5

தம்பி, நிபந்தனையைப் பிறகு பார்ப்போம். முதலில் நீங்கள் கோடு கிழித்த இடத்தைப் பாருங்கோ. 8.5 பாகை என்றால் கிழக்குப் பக்கம் சரியாகத் திருகோணமலை வாசல். அங்கே கரையில் இருந்தே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குது. கரையோரக் கட்டத்தில் சில பத்து மீட்டர், பக்கத்துக் கட்டத்தில் பல நூறு மீட்டர். அதுக்கு மேலே எல்லையைப் போட்டால் எந்த நிபந்தனையும் தாங்காது. கிழக்கு எல்லை 81.5 என்பதும் திருகோணமலையில் இருந்து முப்பது கிலோமீட்டர்தான்.

தெற்கு எல்லையை 8.2-க்கு இறக்குங்கோ. அப்போது மேற்கை 77.5-க்குத் தள்ள வேண்டி வரும், இல்லாவிட்டால் கூடங்குளத்துப் பக்கம் மேற்கு எல்லையும் கடலில் திறந்துவிடும். அந்தக் கோடு புத்தளம் களப்பை ஊடறுக்கும். களப்பை நிலமாக மூடிவிடுங்கோ, உங்கட வேலைக்கு அது தேவையில்லை. கிழக்கை 82.5 வரைக்கும் கொண்டுபோங்கோ. கோடு சம ஆழக் கோடுகளைக் குறுக்காக வெட்டுவது நல்லது, அதோடு சேர்ந்து ஓடக் கூடாது.

ஈரமணல் · பதிவு 6

அண்ணா, திருகோணமலையை நான் யோசிக்கவே இல்லை. வரைபடத்தில் அழகான சதுரமாக வந்தது, வைத்துவிட்டேன். மாற்றுகிறேன்.

சிக்மா அண்ணா கேட்டதற்கு: குளோரிஸ் மட்டத்தை அப்படியேதான் போட்டிருக்கிறேன். ஓத வேகமும் சேர்த்திருக்கிறேன்.

ஏற்றமும் வற்றமும் தலைகீழாக வந்ததற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஓதக் கோப்பின் தொடக்க நேரம் கிரீன்விச்சில். மாடலின் நாட்காட்டியை நான் இந்திய நேரத்தில் வைத்திருந்தேன். ஐந்தரை மணி நேரம். முக்கிய ஓதமான எம்2-வின் சுற்று 12.42 மணி. ஐந்தரை மணி என்றால் 159 பாகை, கிட்டத்தட்ட நேர் எதிர். இதற்காக அடித்தள உராய்வு எண்ணை ஒரு வாரம் திருகிக்கொண்டிருந்தேன்.

வலைப்பின்னல் · பதிவு 7

//அடித்தள உராய்வு எண்ணை ஒரு வாரம் திருகிக்கொண்டிருந்தேன்//

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நான் இதைவிடக் கேவலமாகச் செய்திருக்கிறேன். கரைக்கு இணையாக 30 பாகை சாய்ந்த கிரிட். எல்லைத் தரவு தரும் பெரிய மாடலின், அதாவது தாய் மாடலின், கிழக்கு வேகத்தையும் வடக்கு வேகத்தையும் திருப்பாமலே எல்லைக் கோப்பில் எழுதிவிட்டு நான்கு மாதம் 'கரையிலிருந்து விலகும் புதிய நீரோட்டம்' என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். வழிகாட்டியிடம் படத்தைக் காட்டியபோது அவர் தலையை 30 பாகை சாய்த்துப் பார்த்தார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

உங்கள் வடக்குப் பட்டைக்கு வருகிறேன். குளோரிஸ் பன்னிரண்டில் ஒரு பாகை கிரிட், 9 கி.மீ. சுமார். அதன் கண்டத்திட்டு வேறு, ஜெப்கோவின் கண்டத்திட்டு வேறு. ஒரே இடத்தில் தாய்க்கு 60 மீட்டர், உங்களுக்கு 25 மீட்டர் என்றால், தாயின் ஆழச் சராசரி வேகத்தை அப்படியே எடுத்தால் நீர் அளவு பொருந்தாது. நீர் அளவைக் காப்பாற்றினால் வேகம் எகிறும். நான் செய்வது: எல்லையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கட்டம் வரை என் ஆழத்தைத் தாயின் ஆழத்தோடு கலந்துவிடுவேன், எல்லைக் கோட்டில் முழுக்கத் தாயின் ஆழம், உள்ளே போகப் போக ஜெப்கோ. அப்புறம் அடுக்கு வேகத்தை என் சிக்மா அடுக்குகளுக்கு இறக்கி, ஆழச் சராசரியை *அதிலிருந்து* கணக்கிடுவேன், தாயிடமிருந்து தனியாக எடுக்க மாட்டேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் எல்லையில் பட்டை கட்டாயம் வரும்.

கெல்வின்_அடிமை · பதிவு 8

எல்லோரும் எல்லையைப் பொதுவாகப் பேசுகிறீர்கள். வடக்கு எல்லை மற்ற இரண்டும் மாதிரி இல்லை.

வட அரைக்கோளத்தில் கரையோர அலைகள் கரையை வலப்பக்கம் வைத்துத்தான் நகரும். இந்தியக் கிழக்குக் கரையில் அதற்கு அர்த்தம், தெற்கு நோக்கி. அதாவது செய்தி ஒடிசா, ஆந்திரா பக்கமிருந்து வடக்கு எல்லை வழியாக *உள்ளே* வருகிறது, தெற்கு எல்லை வழியாக *வெளியே* போகிறது. இந்தக் கரையோர அலைகளில், அடர்த்தி அடுக்கில் பயணிக்கும் கெல்வின் அலை வினாடிக்கு இரண்டரை மீட்டர் என்று வைத்தால், நாளுக்கு 200 கி.மீ.க்கு மேல். பாராதீப் அருகே கிளம்பியது ஒரு வாரத்துக்குள் நாகப்பட்டினத்தில். கிழக்குக் கரை நீரோட்டத்தில் உள்ளூர்க் காற்றின் பங்கு எவ்வளவு, தொலைவிலிருந்து வருவது எவ்வளவு என்று மெக்க்ரியரியும் மற்றவர்களும் 1996-இல் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். தொலைவிலிருந்து வருவதை ஒதுக்கவே முடியாது.

சென்னைக் குப்பங்களில் மீனவர்கள் வடக்கிலிருந்து வரும் ஓட்டத்தை வன்னி என்பார்கள், தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்பார்கள். காற்று செத்துக் கிடக்கும் நாளிலும் வன்னி வலுவாக இழுக்கும். உங்கள் மாடல் அதைக் காட்ட வேண்டுமானால் வடக்கு வாசலில் தினசரித் தரவை இறுக்கிக் கொடுங்கள். மாதச் சராசரியை வைத்து ஒப்பேற்ற முடியாது. நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீரும் அந்த வழியாகத்தான் வரும்.

தெற்கில் மாறாக, போகிறதைப் போகவிடுங்கள். அங்கே இறுக்கினால் திரும்பி அடிக்கும்.

சிக்மா_முப்பது · பதிவு 9

//வடக்கு வாசலில் தினசரித் தரவை இறுக்கிக் கொடுங்கள்//

முன்பாதி முழுக்கச் சரி. 'இறுக்கி' என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வடக்கு எல்லையிலும் ஒரே நேரத்தில் கரையோரம் நீர் உள்ளே வரும், ஐம்பது கி.மீ. தள்ளி வெளியே போகும். சுழல்கள் நகரும். 'வடக்கு என்றால் உள்வரவு' என்று முத்திரை குத்த முடியாது. மார்ச்செசியெல்லோ குழு 2001-இல் சொன்ன வழி இதற்காகத்தான்: ரேடியேஷன் கணக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நேரப்படியிலும் அலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும். உள்ளே வந்தால் ஒரு நாள் அளவில் தாயை நோக்கி இழுக்கும், வெளியே போனால் ஒரு வருட அளவில், அதாவது ஏறக்குறைய விட்டுவிடும். கட்டத்துக்குக் கட்டம் முடிவெடுப்பதை நாம் ஏன் திசைக்குத் திசை எடுக்க வேண்டும்?

கெல்வின்_அடிமை · பதிவு 10

ஏனென்றால் அந்த ரேடியேஷன் கணக்கு ஒரு ஊகம். பல அலைகள் ஒன்றாக வரும் இடத்தில் அது காட்டும் வேகம் பாதி நேரம் இரைச்சல். கரையோரப் பொறியில் சிக்கிய அலை ஐந்தாறு கட்ட அகலம்தான். அங்கே அது ஒரு நாள் தப்பாக 'வெளியே' என்று முடிவெடுத்தால், அன்றைக்கு உங்கள் வன்னி காணாமல் போகும். கரையை ஒட்டிய கட்டங்களிலாவது ஒரு மெல்லிய நட்ஜிங் பட்டையை நிரந்தரமாக வையுங்கள். எட்டுப் பத்துக் கட்டம், எல்லையில் ஒரு நாள், உள்ளே போகப் போகத் தளர்ந்து பூஜ்யம்.

சிக்மா_முப்பது · பதிவு 11

கரையோரப் பட்டை மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். எல்லை முழுக்க என்றால் மாட்டேன்.

ஈரமணல், ஒரு சோதனை சொல்கிறேன், இது இல்லாமல் உண்மையான ஓட்டத்துக்குப் போகாதீர்கள். காற்றை நிறுத்துங்கள், ஓதத்தை நிறுத்துங்கள், புவிச் சுழற்சியையும் நிறுத்துங்கள். 300 கி.மீ. பெட்டி, எல்லாப் பக்கமும் திறந்தது, எங்கும் 50 மீட்டர் ஆழம். நடுவில் அரை மீட்டர் உயரத்துக்கு ஒரு நீர்மேடு வைத்து விடுங்கள். வேகம் வினாடிக்கு 22 மீட்டர். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பு விளிம்பைத் தொடும், மூலைகளுக்கு இரண்டே முக்கால் மணி. நான்கு மணி நேரத்துக்குப் பிறகு பெட்டியில் மிச்சமிருக்கும் இயக்க ஆற்றல்தான் உங்கள் எல்லை திருப்பி அடித்தது. மட்டத்தை இறுக்கி வைத்து ஒரு தடவையும் சாப்மன், ஃப்ளேதரோடு ஒரு தடவையும் ஓட்டுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

ஈரமணல் · பதிவு 12

ஓட்டினேன். இறுக்கிப் பிடித்ததில் நீர்மேடு நான்கு சுவரில் பட்டு, தலைகீழாகக் குழியாகத் திரும்பி வந்து நடுவில் சேர்ந்தது. பார்க்கவே அழகாக இருந்தது, அதுதான் கொடுமை. சாப்மன், ஃப்ளேதரில் ஓரங்கள் சுத்தம், மூலைகளில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லைகளை அண்ணா சொன்னபடி நகர்த்தி, ஆழத்தையும் கலந்துவிட்டேன். வடக்குப் பட்டை போயே போய்விட்டது. விரிகுடா நிரம்புவதும் நின்றது. மூன்று எல்லையிலும் குளோரிஸ் மட்டத்தின் சராசரியைக் கழித்தேன், பூஜ்யத்தில் தொடங்கும் மாடலோடு இப்போது பொருந்துகிறது.

ஆனால் புது வினோதம். நவம்பர் கடைசி. வாடை வீசுகிறது. பாக் நீரிணை வழியாக நீர் தெற்கே மன்னார் பக்கம் போக வேண்டும். என் மாடலில் காற்று அடிக்கும் நேரம் மட்டும் லேசாக அசைகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது.

வலைப்பின்னல் · பதிவு 13

//மூன்று எல்லையிலும் குளோரிஸ் மட்டத்தின் சராசரியைக் கழித்தேன்//

மூன்றுக்கும் ஒரே எண்ணா, ஒவ்வொன்றுக்கும் அதனதன் சராசரியா?

ஈரமணல் · பதிவு 14

அதனதன் சராசரி.

ஐயோ.

வலைப்பின்னல் · பதிவு 15

அதேதான். வங்கக் கடல் பக்கம் மட்டம் உயர்ந்தும் மன்னார் பக்கம் தாழ்ந்தும் இருப்பதால்தான் அந்த மாதம் நீர் தெற்கே இறங்குகிறது. நீங்கள் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பூஜ்யத்துக்கு இழுத்து, சரிவை அழித்துவிட்டீர்கள். மிஞ்சியது காற்று மட்டும்.

எல்லா எல்லைக்கும், முழு காலத்துக்கும், தொடக்க நிலைக்கும் சேர்த்து ஒரே ஒரு எண்ணைக் கழியுங்கள். தொடக்க மட்டத்தையும் பூஜ்யமாக வைக்காமல் குளோரிஸிலிருந்தே எடுங்கள்.

நம் அட்சரேகையில் இது இன்னும் கொடூரம். 11 பாகையில் புவிச் சுழற்சியின் விளைவு பலவீனம், அதனால் 50 கி.மீ. தூரத்தில் 10 செ.மீ. சரிவு என்றாலே சமநிலை நீரோட்டம் வினாடிக்கு 70 செ.மீ. அதே சரிவு 45 பாகையில் 19 செ.மீ. தரும். அங்கே எழுதிய கையேட்டில் 'சில சென்டிமீட்டர் பிழை பரவாயில்லை' என்று படித்துவிட்டு இங்கே வந்து செய்தால் மாட்டிக்கொள்வோம்.

உப்பளம் · பதிவு 16

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கஜா புயலுக்குக் கடல் எழுச்சி பார்க்க இதே மாடலைப் பயன்படுத்தலாமா? 2018 நவம்பர் 16, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது.

சிக்மா_முப்பது · பதிவு 17

இந்த எல்லையோடு வேண்டாம். புயல் மாடலுக்குள் நுழைவதற்கு முன்பே நீரைத் தள்ளத் தொடங்கியிருக்கும். கிழக்கு எல்லையைப் பல நூறு கி.மீ. தள்ளுங்கள், அல்லது கரடுமுரடான ஒரு பெரிய மாடலை வெளியே ஓட்டி அதிலிருந்து மணிக்கு மணி மட்டம் எடுங்கள். தினசரிச் சராசரியில் புயலே தெரியாது. காற்றழுத்தத்தை உள்ளே சேர்த்தால் எல்லையிலும் சேர்க்க மறக்காதீர்கள். 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் 1 செ.மீ. உயரும். எல்லைக்கு மேலே புயல் 30 ஹெக்டோபாஸ்கல் குறைவோடு நிற்கும்போது வெளி மட்டத்தை மாற்றாமல் விட்டால், ஃப்ளேதர் அந்த 30 செ.மீ.யைப் பிழை என்று நினைத்து வெளியே தள்ளும்.

நெய்தல்நிலா · பதிவு 18

கல்பாக்கம், கடலூரில் கரையோர ரேடார் இருக்கிறதே, நீரோட்டத்தை ஒப்பிட அது போதாதா? ஓதமானியை மட்டும் பார்க்கிறீர்கள் என்று தோன்றியது.

கெல்வின்_அடிமை · பதிவு 19

நல்ல யோசனை. வடக்கு எல்லையை 12.8-க்கு ஏற்றினால் ரேடார் பார்க்கும் இடம் மாடலுக்குள் வந்துவிடும். எல்லை வழியாக உள்ளே விட்டது சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும், பாக் நீரிணை வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் ஸ்பாஞ்ச் பட்டைக்குள், அதாவது எல்லையோர நட்ஜிங் பட்டைக்குள், வரும் கட்டங்களை ஒப்பிடாதீர்கள். அங்கே மாடல் தாயைக் காப்பியடிக்கிறது, நன்றாகத்தான் பொருந்தும்.

ஈரமணல் · பதிவு 20

வடக்கு 12.8. ஒரே எண்ணைக் கழித்தேன். கரையோரம் மட்டும் நட்ஜிங் பட்டை. நவம்பர் இருபதுக்கு மேல் நீரிணையில் தெற்கு ஓட்டம் நிலையாக வருகிறது, காற்று தணிந்த நாளிலும். உப்புக் குறைந்த நீர் கோடியக்கரையைச் சுற்றி உள்ளே நுழைவதைப் பார்த்தபோது இரவு ஒன்றரை மணி, எழுப்பிக் காட்ட ஆளில்லை.

இப்போது சிக்கல் எல்லையில் இல்லை, நடுவில். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள திட்டுகளில் என் 2 கி.மீ. கட்டம் எதையும் பிடிக்காது. எல்லாவற்றையும் மூடினால் நீர் பாம்பன் வாய் வழியாக மட்டும் கொஞ்சம் கசிகிறது. மூன்று கட்டத்தை 2 மீட்டர் ஆழத்தில் திறந்தால் மன்னார் பக்கம் போகும் நீர் பல மடங்காகிறது. எத்தனை திறப்பது? ஜெப்கோவில் அங்கே ஆழம் நம்பும்படி இல்லை.

தலைமன்னார்_காத்து · பதிவு 21

அங்கே ஒரு எண் சொல்ல ஏலாது தம்பி. மணல் திட்டுகள் வாடைக்கு ஒரு பக்கம், சோளகத்துக்கு ஒரு பக்கம் என்று இடம் மாறும். போன வருசம் வள்ளம் போன இடத்தில் இந்த வருசம் ஆள் நடக்கலாம். எங்கட மாமா அந்தப் பக்கம் வலை போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது கேட்கிறேன், இப்போது எந்தெந்த வாயில் வள்ளம் போகுது, இடுப்பளவா கழுத்தளவா என்று. நீங்கள் அதுவரைக்கும் இரண்டு, மூன்று, ஐந்து என்று மூன்று விதமாகவும் ஓட்டி வையுங்கோ.